மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை

என் மகள் ருத்விகாவுக்குக் காது குத்திய அன்று, என் தம்பி வெயில்முத்து தாய்மாமன் சீர் என்று கொட்டுமேளத்தோடு கொண்டுவந்து இறக்கியது ஒரு பாத்திரம் கழுவும் மெஷின். முன்னால் போன தட்டுகளில் வாழைப்பழமும் வளையலும் பட்டுப்பாவாடையும் போக, பின்னால் நாலு பேர் தோள்கொடுத்துத் தூக்க, ரோஜா மாலையும் நெற்றியில் சந்தனம் குங்குமமுமாக அது மண்டபத்துக்குள் வந்தபோது, சிலர் சின்ன பீரோ என்றார்கள், சிலர் துணி துவைப்பது என்றார்கள். இன்னது என்று தெரிந்ததும் என் மாமியார் சுப்புத்தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப இவளுக்குக் கை எதுக்கு இருக்கு?"

தம்பி டவுனில் வீட்டுச் சாமான் கடையில் வேலை பார்க்கிறான். நான்தான் அதைக் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டாவது முடித்து, ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற படிப்பை இரண்டு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்தவள் நான். கல்யாணத்தில் ஒரு வருடம், பிள்ளை பெற்றதில் ஒரு வருடம் போன பிறகு, டவுனில் ஒரு டாக்டரம்மா தன்னுடைய லேப்பில் வேலை கொடுத்தார். ஆனி முதல் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறரைக்கு வந்து நிற்க வேண்டும், ஏனென்றால் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கிறவர்கள் அந்நேரத்துக்கே வந்து காத்திருப்பார்கள். என் கணவர் சோலைராஜ் அச்சாபீஸில் இருக்கிறார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போறதுன்னா போ. ஆனா வீட்ல பாத்திரம் சேரக்கூடாது, அம்மாவால குனிய முடியாது," என்றார். இதை அவர் சொன்னது சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு. முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலையும் புளித்தோலும் அந்தத் தண்ணீரில் மிதக்க, தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவது இந்த வீட்டு வழக்கம். மாமா செய்வார், இவர் செய்வார், அத்தை செய்வார். அடுத்தவர் எச்சிலைத் தொடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். நான் மட்டும் அடுத்தவர் கணக்கில் வரமாட்டேன்.

ஆக மெஷின் வந்தது. கையால் கழுவுவதைவிடக் குறைந்த தண்ணீர்தான் கேட்டது, தொட்டியில் பிடித்துவைத்த தண்ணீரிலேயே பத்தொன்பது நாள் ராஜா மாதிரி ஓடியது. எல்லார் எச்சிலையும் ஒரே தண்ணீரில் போட்டுச் சுற்றுகிற சனியன் என்று அத்தை தன்னுடைய தட்டை மட்டும் தனியே என்னைக் கழுவச் சொன்னார். ஒரே ஒரு தட்டுத்தானே என்று பாட்டுப் பாடிக்கொண்டு கழுவினேன். இருபதாவது நாள், வைகாசி பிறந்து ஒன்பதாம் தேதி, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு சாப்பிட்ட தட்டுகளைப் போட்டு மூடி, ஓடி முடித்ததும் திறந்து பார்த்தால், அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

போனைப் போட்டு, மெஷினுக்கு நேராகப் பிடித்துத் தம்பிக்குக் காட்டினேன்.

"யக்கா, பதறாத. பிளக்கைப் பிடுங்கிட்டு கீழ்த்தட்டை வெளிய உருவு. நடுவுல உருண்டையா ஒரு பில்டர் இருக்கும், இடப்பக்கமாத் திருகு."

திருகினேன். ஒரு கைப்பிடி கறிவேப்பிலைக் காம்பும் முருங்கை நாரும் வந்தது. தேய்த்துக் கழுவி மாட்டினேன். தண்ணீர் இறங்கவில்லை.

"பின்னால போற பைப்பு மடங்கியிருக்கா பாரு."

மெஷினைக் கட்டிப்பிடித்து இழுத்துப் பார்த்தேன். மடங்கவில்லை. பைப்பைக் கழற்றி ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. சிங்குக்கடியில் பைப்பு சேருகிற இடத்தில் குச்சியை விட்டுக் குடைந்தேன். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"அப்ப கடைசியா ஒண்ணுதான். பில்டருக்குக் கீழ ஒரு குழி இருக்கும். அதுக்குள்ள பம்பு விசிறி, சுண்டுவிரல் நீளந்தான். அதுல எதுவும் சிக்கினா சுத்தாது. ஆனா நிக்கிற தண்ணிய மொத்தமா எடுத்துட்டுத்தான் கைய விடணும்."

மொண்டேன். டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றினேன், வாளி நிறைந்ததும் சிங்கில் கொட்டினேன், திரும்பி வந்து மறுபடி மொண்டேன். மூன்று வாளிக்குமேல் அந்த மெஷினுக்குள் தண்ணீர் இருக்க வழியே இல்லை. பதினாலு வாளி கொட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அதே நாலு விரல் நின்றது. புளிக்குழம்பு எங்கே போனது, எண்ணெய் எங்கே போனது, தெரியாது. அடித்தகடு கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஐப்பசி மழையில் ஓட்டுக்கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீரை ஏந்திக் குடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

போனில் தம்பி முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான். "யக்கா," என்றான், "இது வாரண்டியில வராது."

அது என்ன மாயம், எங்கிருந்து ஊறியது என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. எங்கள் குடியிருப்பில் இருபத்துநாலு வீடு, போர்க்குழாய் பங்குனியிலேயே மண்ணைத் துப்பிவிட்டது, லாரி எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், வந்தால் குடத்துக்குக் குடம் சண்டை. வறண்டு கிடந்த கழிவுநீர்க் குழாயில் பதினாலு வாளித் தண்ணீர் சளசளவென்று இறங்கிய சத்தத்தைக் கீழ்வீட்டு ஜெபக்கனி அக்கா கேட்டிருக்கிறார். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சண்டைக்குத்தான் மாடியேறி வந்தார்.

"ஏத்தா அங்காளஈஸ்வரி, பிள்ளை குண்டி கழுவத் தண்ணி இல்லாமக் கிடக்கோம், நீ என்ன ஆத்தையா திறந்துவிட்டிருக்க?"

மெஷினைக் காட்டினேன். நான் ஒரு வாளி மொண்டு முடிக்கும்வரை நின்று பார்த்தார். பிறகு சண்டையை அப்படியே பாதியில் விட்டுவிட்டுக் கீழே போய் இரண்டு குடம் எடுத்துவந்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர் வந்தார்கள், அந்த நாலு பேருக்குப் பின்னால் பத்துப் பேர் வந்தார்கள், பொழுது சாய்வதற்குள் என் வீட்டு வாசலில் ஐம்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. நான் சந்தோஷமாகத்தான் மொண்டேன். பொய் சொல்லக்கூடாது. அன்றைக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு குடம் நிறைத்துக் கொடுத்து, பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டு, குலவை போடாத குறையாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். என் வீட்டு ஹாலில், என்னைக் கேட்காமல். குடியிருப்புத் தலைவர் அழகுமலை அண்ணாச்சி ஓய்வுபெற்ற கிராம அதிகாரி. தாசில்தார் ஆபீசையே வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி நோட்டும் மையொற்றியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து தீர்மானம் தீர்மானமாக எழுதினார். மெஷினை இருந்த இடத்தைவிட்டு அசைக்கக்கூடாது, அசைத்தால் போய்விடும். பில்டருக்குக் கீழே இருக்கிற குழிக்குள் எக்காரணம் கொண்டும் யாரும் கையை விடக்கூடாது, அடைப்பு எடுபட்டால் எல்லாம் போய்விடும். செவ்வாயும் வெள்ளியும் குடியிருப்பில் கறி மீன் கூடாது. கடைசியாக, பல கை பட்டால் பல எச்சில், தீர்த்தம் கெட்டுவிடும், ஒரே கைதான் மொள்ளவேண்டும்.

"யாரு கை?" என்று கேட்டார் ஜெபக்கனி அக்கா.

அத்தை எழுந்து நின்றார். எச்சில் மெஷின், சனியன் என்று சொன்ன அதே வாயால், "எம் மருமக பொறந்த வீட்டுச் சீரு அது. அவ கைதான்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என் கணவரும் தட்டினார்.

எனக்கு அந்த இடத்திலேயே சுருக்கென்றது. ஆனாலும் தண்ணீர் இல்லாத சனம், பிள்ளைக்காரிகள், என்ன சொல்வது? நல்ல விதமாகவே கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒரு டியூப்பைப் போட்டு வாயால ஒரு உறிஞ்சு உறிஞ்சி கீழ விட்டோம்னா தானா இறங்கும். அவங்கவங்க கீழயே பிடிச்சுக்கிரலாம்."

"வாய வச்சு உறிஞ்சினா எச்சிலாயிராதா தாயி?" என்றார் அழகுமலை அண்ணாச்சி, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. இருபத்துநாலு வீட்டு ஆட்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். புளிக்குழம்புத் தட்டு மிதந்த தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது. காலை ஐந்து மணிக்கு வாசல் மணி அடிக்கும், பத்து மணிவரை அடங்காது, மறுபடி நாலு மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைக்கும்வரை போகும். தண்ணீர் நிற்பது நாலு விரல் உயரம். அதில் குடத்தை முக்க முடியாது, சொம்பை முக்க முடியாது, சின்ன டம்ளரைச் சாய்த்து அள்ளத்தான் முடியும். ஒரு குடத்துக்கு எண்பது டம்ளர். இடுப்பை முறித்துத் தலையைக் கவிழ்த்து, கதவு முழங்காலில் இடிக்க, எண்பது முறை அள்ளினால் ஒரு குடம் நிறையும், நிமிர்ந்தால் அடுத்த குடம் நிற்கும். பிள்ளை அழுதால் அடுப்படி வாசலில் நிற்கிற யாரோ தூக்கிக்கொள்வார்கள், யார் என்று முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் இருக்காது. ருத்விகாவுக்குப் பேச்சு வருகிற பருவம். அம்மா, தாத்தாவுக்கு அடுத்து அவள் கற்றுக்கொண்ட சொல் "அடுத்து." பொம்மையைத் தள்ளிவிட்டு "அடுத்து," சோற்றை விழுங்கிவிட்டு "அடுத்து," என் மடியில் ஏறி மாரில் வாயை வைத்துவிட்டு எடுத்து, "அடுத்து." எல்லாரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

தீர்த்தத்தில் பாத்திரம் போடக்கூடாது என்பதால், பாத்திரம் கழுவ வந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதிலிருந்து அள்ளிய தண்ணீரில் நான் பாத்திரம் கழுவினேன். கூட்டம் கூடிய வீட்டில் காப்பி டம்ளரே ஒரு நாளைக்கு நூறு விழும். இப்போது தட்டுகளில் கையைக் கழுவுகிறவர்கள் அதிகமாகியிருந்தார்கள். தண்ணீர்தான் தாராளமாக இருக்கிறதே!

ஊர் அதை வைத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்றாம் நாள் மெஷினுக்கு மஞ்சள் பூசினார்கள். ஐந்தாம் நாள் கதவில் வேப்பிலை செருகினார்கள். அந்தத் தண்ணீரில் வடித்த சோறு மறுநாளும் நொந்துபோகவில்லை என்றார் ஒருவர், பிள்ளைக்கு வேர்க்குரு அமிழ்ந்தது என்றார் இன்னொருவர். குடிநீர் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி சீசாவில் பிடித்துக்கொண்டுபோய், குடிக்க ஏற்றது என்று சீல் குத்திய காகிதம் அனுப்பினார். அந்தக் காகிதத்தையும் மெஷின் தலையில் ஒட்டி அதற்கும் பொட்டு வைத்தார்கள். சின்ன விளக்கு ஒன்று மெஷின் முகப்பில் சிவப்பாக விட்டு விட்டு எரியும். தண்ணீர் இறங்கவில்லை என்று மெஷின் கத்துகிற கத்தல் அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எரிந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் போட்டு வந்தார்கள். என் கணவர் அச்சாபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஹாலில் நாற்காலி போட்டு டோக்கன் கொடுத்தார். ரோட்டில் போனால் அவருக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்று பூரித்துப்போனார். என்னை மகராசி என்றார்கள். குனிந்திருக்கிற என் முதுகைப் பார்த்துத்தான் எல்லாரும் மகராசி என்றார்கள்.

இதில் எது எனக்குக் கோபத்தை மூட்டியது என்று ஜெபக்கனி அக்கா பிறகு ஒருநாள் கேட்டார். எது இல்லை? ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த மூன்று நாள் வந்தது. இந்த வீட்டில் அந்த மூன்று நாளும் நான் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, சாமி படம் இருக்கிற பக்கம் போகக்கூடாது, தனிப்பாய், தனித்தட்டு. கல்யாணமான புதிதில் தெரியாமல் ஜாடியைத் தொட்டுவிட்டு ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். அதனால் இந்தத் தடவை, அப்பாடா, மூன்று நாள் இடுப்பை நீட்டிப் படுக்கலாம் என்று அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை அழகுமலை அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி அவசரக் கூட்டம் போட்டார். என் தூரத்தை ஒரு ஹால் நிறைந்த ஆம்பளைகள் உட்கார்ந்து பேசினார்கள். கங்கைக்குத் தீட்டு இல்லை, ஆகவே மொள்ளுகிறவளுக்கும் இல்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"எழுதிட்டாங்கத்தா, நீ குளிச்சிட்டு வந்து மொள்ளு," என்றார் அத்தை.

ஒரு ஜாடி ஊறுகாய்க்கு ஆகாத கை. மொண்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு மொண்டேன். அன்றைக்கு மெஷினில் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது என்று வாங்கிப்போனவர்கள் சொன்னார்கள்.

ஒரு நம்பிக்கையில்தான் நாளை ஓட்டினேன். ஆனி பிறந்தால் நான் வேலைக்குப் போய்விடுவேன், காலையில் நான் இல்லாவிட்டால் இவர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். வெள்ளைக் கோட்டைத் துவைத்து, அந்தத் தண்ணீரில்தான் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன். வைகாசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, ஹாலில் அழகுமலை அண்ணாச்சியும் இருபது முப்பது பேரும் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு வேலையில சேர்றேன். அஞ்சே முக்கால் பஸ்ஸு. காலையில நீங்க யாரையாவது மொள்ளச் சொல்லிக்கிருங்க."

எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் டோக்கன் கட்டை அடுக்கிக்கொண்டே, "அதான் நேத்தே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டனே," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"உனக்குக் காய்ச்சல், வரமாட்டன்னு. வேற ஆளைப் பாத்துக்கிருங்கன்னு. மழை விழட்டும் ஈஸ்வரி, ஐப்பசிக்கு மேல பாக்கலாம்."

"இருபத்துநாலு வீட்டுப் புண்ணியம் தாயி," என்றார் அழகுமலை அண்ணாச்சி. "ரத்தம் எடுக்க ஊருல ஆயிரம் பேரு இருக்காங்க."

நான் அழவில்லை. அழுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்து முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காப்பித் தட்டைத் தரையில் வைத்தேன். வைத்தேனோ போட்டேனோ, சத்தம் கேட்டது. அடுப்படிக்குப் போனேன். மெஷின் கதவை இறக்கினேன், வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன், கீழ்த்தட்டை உருவி வெளியே தள்ளினேன், மண்டிபோட்டேன். பில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றிச் சிங்கில் வீசினேன். வளையலை மேலே ஏற்றிவிட்டு, யாரும் கையை விடக்கூடாது என்று நோட்டில் எழுதிவைத்திருந்த குழிக்குள் வலது கையை முழங்கைவரை விட்டேன்.

அத்தைதான் முதலில் பார்த்தார். "அய்யய்யோ, குழிக்குள்ள கைய விட்டுட்டா!"

ஹால் முழுக்க எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தது.

"உள்ள ஒரு அடி எடுத்து வச்சா இழுத்துருவேன்," என்றேன். "பம்பு விசிறியில சிக்கினது என் விரல்ல மாட்டியிருக்கு. நார் மாதிரி இருக்கு. ஒரே இழுப்பு. மடமடன்னு இறங்கிரும், அப்புறம் எல்லாரும் லாரிக்குப் போய் நில்லுங்க."

"ஈஸ்வரி, விளையாடாத," என்றார் என் கணவர்.

"நானா விளையாடுறேன்? எனக்குக் காய்ச்சலா? எடுங்க போனை. டாக்டரம்மாவுக்குப் போடுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடி."

விரலை அசைத்தேன். தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. வாசலில் நின்ற அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"சோலைராஜ் அண்ணாச்சி," என்றார் ஜெபக்கனி அக்கா பின்னாலிருந்து, "போனைப் போடுங்க. எங்க வீட்ல உலை கொதிக்குது."

"அவ இழுத்தாலும் இழுத்துருவா," என்றார் அத்தை தன் மகனிடம். "அவ ஆத்தாக்காரியும் இப்படித்தான். போடுடா."

போட்டார். நாலாவது மணியில் டாக்டரம்மா எடுத்தார். "மேடம், நான் சோலைராஜ், அங்காளஈஸ்வரி வீட்டுக்காரர். நேத்து காய்ச்சல்னு சொன்னது, அது, அது பொய் மேடம். அவ வர்றா."

"அவங்க பேசட்டும்," என்றது போன்.

நான் மண்டிபோட்டபடியே கத்தினேன். "மேடம், ஆறு இருபதுக்கே வந்துருவேன்."

"சரிம்மா. என்ன இவ்வளவு சத்தம், வீட்ல விசேஷமா?"

"ஆமா மேடம்," என்றேன்.

போனை வைத்ததும் மிச்சத்தைச் சொன்னேன். மெஷின் இப்போதே கீழே இறங்கவேண்டும், வண்டி நிறுத்துகிற கொட்டகைக்கு. அவரவர் தண்ணீரை அவரவர் மொண்டுகொள்ளவேண்டும், ஆம்பளையும்தான். இந்த வீட்டில் இனிமேல் யாரும் தட்டில் கை கழுவக்கூடாது, சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்டவர் கழுவவேண்டும்.

"இடம் மாத்தினா தண்ணி போயிருமே தாயி, தீர்மானம் இருக்கே," என்றார் அழகுமலை அண்ணாச்சி. அவர் குரலில் இப்போது அதிகாரம் இல்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"நான் இழுத்தாலும் போயிரும் அண்ணாச்சி. எதுல போகணும்னு நீங்களே எழுதிக்கிருங்க."

அவர் எழுதவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினின் ஒரு மூலையைப் பிடித்தார். என் கணவர் ஒரு மூலை, மாமா ஒரு மூலை, நாலாவதை யாரோ பிடித்தார்கள். கையை எடு என்றார்கள். உங்களை நம்பி எடுக்கமாட்டேன் என்றேன். ஆகவே, பல்லக்கை இறக்குகிற மாதிரி நாலு ஆம்பளைகள் தூக்க, பின்னால் பைப்பு வால்போல இழுபட, திறந்த கதவுக்குள் வலது கையைக் குழிவரை விட்டபடி நான் கூன்போட்டுப் பக்கத்தில் நடக்க, படிக்குப் படி தண்ணீர் அலம்பி என் சேலையையும் அண்ணாச்சி வேட்டியையும் நனைக்க, இருபத்துநாலு வீட்டுச் சனமும் முன்னும் பின்னும் "பாத்து, பாத்து" என்று கத்த, என் மகள் ஜெபக்கனி அக்கா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு படிக்கும் "அடுத்து" என்று சொல்ல, அந்த மெஷின் மாடியிறங்கி வந்தது. நடுப்படியில் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "இம்புட்டு கனமா இருக்கே," என்றார். "மூணு வாரமா நான் அள்ளினதுதான் மாமா," என்றேன்.

கொட்டகையில் இறக்கி வைத்தார்கள். எல்லாரும் எட்டிப்பார்த்தார்கள். படியெல்லாம் தண்ணீர், உடம்பெல்லாம் தண்ணீர், உள்ளே அதே நாலு விரல்.

நான் கையை வெளியே எடுத்தேன். விறைத்து, தோல் சுருங்கி, என் கையே எனக்கு அந்நியமாக இருந்தது. டம்ளரை அழகுமலை அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு மண்டிபோட்டார். எட்டாவது டம்ளரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஒரு டியூப் வந்தது. யார் வாய் வைத்து உறிஞ்சினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குழிக்குள் என்ன சிக்கியிருந்தது என்று மட்டும் இன்றுவரை கேட்கிறார்கள். முருங்கை நார் என்பார் என் கணவர். தட்டைக் கழுவிக்கொண்டே சொல்வார். பிள்ளையின் காது குத்தின நூல் என்பார் அத்தை. நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன். ஒன்றும் இல்லை. குழி துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. விசிறியை விரலால் தொட்டேன், நேற்று வாங்கியதுபோலச் சுற்றியது. அந்த மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கு, வெறும் வயிற்றோடு வந்த ஒரு பெரியவரின் கையை மேசையில் நீட்டி வைத்து, மேல்கையில் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் விரலை வைத்துத் தேடினேன். வெயிலில் வேலை பார்த்து மரத்துப்போன தோல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன தாயி, தட்டுப்படுதா?" என்று கேட்டார்.

அழுத்தினேன். விரலுக்கடியில் நரம்பு கயிறுபோலப் புரண்டது.

"இருக்குய்யா," என்றேன். அதில் பொய் இல்லை.